பழைய மோட்டாருக்கு வீட்டு வைத்தியம்

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாட்டுங்காவில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றை முடித்துக்கொண்டு குடும்பத்துடன் செம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டும்போதே வானம் பொத்துக்கொண்டது. சயானை நெருங்குகையில் எங்கள் பழைய பத்மினி இரண்டு முறை விக்கிற்று. மூன்றாம் முறை நின்றே போயிற்று. பின்னால் லாரிகள் கூச்சலிட்டன. உள்ளே தாயார், மனைவி, உறங்கும் குழந்தைகள் இருவர். வெளியே முழங்காலைத் தொடும் தண்ணீர்.

நல்ல வேளையாக, குடையும் கையுமாக வந்த பெரியவர் ஒருவர் வண்டியைப் பார்த்ததும் நின்றார். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை, வாசம் தாராவி, முப்பது ஆண்டுகள் டாக்ஸி ஓட்டியவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நான்கு பேராகச் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினோம்.

"பெட்ரோல் ஏறலை ஸார். பானெட்டைத் தூக்குங்க. அம்மா, நீங்க பயப்படாம உள்ளேயே இருங்க" என்றார். விரற்கடை அளவே உள்ள பிளாஸ்டிக் ஃபில்டரைக் கழற்றி, உள்ளங்கையில் கவிழ்த்தார். செம்மண் கரைத்தாற்போன்ற ஒரு சொட்டுக் குழம்பு விழுந்தது. எதிர்ப்பக்கமாக வாயால் ஊதி, மறுபடி பொருத்தினார். வண்டி உயிர் பெற்றது.

"அண்ணாச்சி, மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை கராஜில் புது ஃபில்டர் மாற்றினேனே!" என்று நான் அங்கலாய்த்தேன்.

"ஃபில்டர் என்ன ஸார் பண்ணும்? அது சாட்சி. சாட்சியை மாத்திக்கிட்டே இருந்தா கேஸ் முடியுமா?" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நம்மவர் இல்லங்களில் இன்னும் பல பழைய வண்டிகள் இருக்கின்றன. தந்தையார் ஓய்வு பெற்றபோது வாங்கியது, மகன் வெளிநாடு போகையில் விட்டுச் சென்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றை விற்கவும் மனம் வராது. ஒவ்வொரு சிறு கோளாறுக்கும் கராஜுக்குக் கொண்டுபோய்க் கட்டுப்படியும் ஆகாது. வீட்டிலேயே செய்யக்கூடியது எது, செய்யக்கூடாதது எது என்று தெரிந்திருப்பது நல்லது.

பத்மினியைச் சொல்லும்போது, செம்பூர்க்காரர்களுக்கு அது அசலூர் வண்டியன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தோற்றுவித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை, அடுத்த ஊரான குர்லாவில்தான் இருந்தது. இத்தாலிய ஃபியட் 1100 வண்டியே அங்கே உருவாகிப் பின்னர், 1970-களின் நடுவில், பத்மினி என்னும் பெயர் பூண்டது. மேவார் ராணியின் பெயர் அது. ஆனால் தமிழ்க் குடும்பங்களில் நாட்டியப் பேரொளியை நினையாமல் அப்பெயரைச் சொன்னவர் உண்டோ? 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், ஓங்கிச் சாத்தினால்தான் மூடும் கதவு. கறுப்பும் மஞ்சளுமாக இந்நகரத்தின் டாக்ஸியாகவே அது நிலைபெற்றது. தயாரிப்பு 2000-ஆம் ஆண்டை ஒட்டி நின்றது. கடைசிப் பத்மினி டாக்ஸி தாட்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29-ஆம் நாள் பதிவாகி, டாக்ஸிகளுக்குரிய இருபதாண்டு வயதுவரம்பை 2023 அக்டோபரில் எட்டி விடைபெற்றது. இப்போது மிஞ்சியிருப்பவை நம் போன்றோர் வீட்டு வாசலில் நிற்கும் சொந்த வண்டிகளே. டாக்ஸிகள் ஓடிய காலத்தில் தெருவுக்கொரு பத்மினி மேஸ்திரி இருந்தார். இன்று அவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. நாமே கைவேலை கற்றுக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஒரு நீண்ட குழாய் வழியே முன்னால் வருகிறது. எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் சிறு பம்பு அதனை இழுத்துக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. கார்புரேட்டரின் உள்ளே 'ஜெட்' எனப்படும் துளை ஊசிமுனை அளவே உள்ளது. ஒரு துணுக்குத் துரு அதில் அமர்ந்தால் போதும், வண்டி விக்கும். அதைத் தடுக்கவே வழியில் ஃபில்டர். பம்பின் மூடிக்குள் ஒரு வலை இருக்கும். அதற்கு மேலும் பலர், உள்ளிருப்பது தெரியும்படியான பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றை ரப்பர்க் குழாயின் இடையே பொருத்தியிருப்பார்கள். இதன் விலை அற்பம். ஆனால் வண்டி நடுவழியில் நிற்பதும் நில்லாததும் பெரும்பாலும் இதன் கையில்தான்.

நம் வண்டிகளுக்கு இக்கேடு அண்மையில் அதிகரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாம் இன்று வாங்குவது பழைய பெட்ரோல் அன்று. செம்பூரை ஒட்டிய மாஹுலில் 1950-களில் எழுந்த சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வந்த பெட்ரோலுக்கும், இப்போது பங்கில் ஊற்றுவதற்கும் வேறுபாடு இருக்கிறது. கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் என்னும் சாராயத்தைப் பெட்ரோலில் கலக்கும் திட்டம் நம் நாட்டில் 2003-இல் தொடங்கியது. 2022-இல் அது நூற்றுக்குப் பத்துப் பங்கை எட்டிற்று; 2025-இல் இருபது பங்காயிற்று. எண்ணெய் இறக்குமதி குறைகிறது, கரும்பு விவசாயிக்கு வருவாய் கிடைக்கிறது. அவையெல்லாம் நன்மைகளே. மறுப்பதற்கில்லை. ஆனால் இருபது பங்கு எத்தனாலைத் தாங்கும் பொருள்களால் வண்டிகளைச் செய்ய வேண்டும் என்ற நடைமுறை 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளின் ரப்பர்க் குழாயும் வாஷரும் பம்பின் சவ்வும் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல.

எத்தனால் மூன்று காரியங்களைச் செய்கிறது. பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கும். பின்பு அது வெடிக்கும். தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த பிசினையும் அழுக்கையும் கரைத்துக் கிளப்பிவிடும். கிளம்பியது எல்லாம் ஃபில்டரில் வந்து சேரும். மூன்றாவது, தண்ணீரோடு அதற்குள்ள உறவு. சிறிதளவு ஈரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் போய் நிற்கும். குழாய் இழுப்பதோ அடியிலிருந்து! அன்று என் வண்டி நின்ற மர்மம் இதுதான். மே மாதம் முழுவதும் ஊரில் இருந்துவிட்டு, மழை தொடங்கிய பின்பே திரும்பினோம். கால்பங்கு பெட்ரோலுடன் வண்டி ஐந்து வாரம் நின்றிருந்தது. வெற்றிடத்துக் காற்றின் ஈரம் வியர்த்து உள்ளே வடிந்திருக்கிறது. தொட்டியின் தகடு துருப்பிடித்திருக்கிறது. ஊருக்குப் புறப்படும் முன் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுப் போவது நலம். மாதக்கணக்கில் நிற்குமானால், மேஸ்திரியைக் கொண்டு காலி செய்து வைப்பதே மேல்.

மைலேஜ் குறைகிறதென்று குறைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனாலில் உள்ள வெப்பம் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், லிட்டருக்கு ஆறேழு சதவீத வெப்பம் குறையும் என்று எவரும் கணக்கிடலாம். அதற்காக ஃபில்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேலையைத் தொடங்கும் முன் எச்சரிக்கை ஒன்று. கண்டிப்பாகவே சொல்கிறேன். பெட்ரோலைவிட அதன் ஆவியே ஆபத்தானது. அது காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து, எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப்போய்ப் பற்றிக்கொண்டு திரும்பும். ஆகவே மூடிய கராஜிலோ கட்டடத்தின் கீழ்த்தளத்திலோ இவ்வேலையைச் செய்யலாகாது. திறந்த காம்பவுண்டில், பகல் வெளிச்சத்தில், எஞ்சின் முற்றும் ஆறிய பிறகு செய்யவேண்டும். பீடி, சிகரெட், வண்டியின் முன் ஏற்றும் ஊதுவத்தி எதுவும் அருகே கூடாது. உலர்பொடி தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒரு வாளி மணலும் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீயை மிதக்கவிட்டுப் பரப்புவதாகும். குழந்தைகளை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் பார்க்க ஆசைப்படுவார்கள். பானெட்டை மூடிய பிறகு கூப்பிடலாம்.

இன்னொன்று: வாயால் பெட்ரோல் உறிஞ்சுவது நம் மேஸ்திரிகளின் பழைய வழக்கம். தொண்டையைத் தாண்டிச் சில சொட்டு நுரையீரலுக்குப் போனால் அது புண்ணாகி, உயிருக்கே உலை வைக்கும். அண்ணாச்சி ஃபில்டரை வாயால் ஊதியதையும் நான் பின்பற்றச் சொல்லமாட்டேன். அது மழையில் செய்த அவசர வைத்தியம்.

முதலில் பாட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி ஒதுக்குங்கள். ஃபில்டருக்குக் கீழே ஒரு பழந்துணியும் வாயகன்ற கண்ணாடிக் குப்பியும் வையுங்கள். பெட்ரோல் வரும் பக்கத்துக் கிளிப்பைத் திருப்புளியால் தளர்த்தி, ரப்பர்க் குழாயைத் திருகியபடி மெதுவாக உருவுங்கள். காய்ந்த குழாயை நேரே இழுத்தால் கிழியும். சில சமயம் பம்பின் மூக்கே வளையும். உருவிய கணமே அதன் வாயில் பொருத்தமான போல்ட் ஒன்றைச் செருகி அடைத்துவிட வேண்டும். தொட்டி நிறைந்திருந்தால் பெட்ரோல் தானாக வழிந்துகொண்டே இருக்கும். பிறகு மறுபக்கத்தை உருவி, பழைய ஃபில்டரைக் குப்பியின்மேல் பிடியுங்கள்.

புதியதை மாட்டுவதில் ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. அதன் உடலில் ஓர் அம்புக்குறி பொறித்திருக்கும். அம்பு எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும். அம்பு இல்லாவிடில், பெட்ரோல் காகித மடிப்பின் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் போகும்படி வைக்க வேண்டும். குழாய் கிளிப்பைத் தாண்டி நன்றாக ஏறியிருக்கட்டும். கிளிப்பை ரப்பர் பிதுங்கும் அளவு முறுக்குவது வேண்டாம். அந்த இடத்திலேயே அது வெட்டுப்படும். ஃபில்டர் சூடான புகைக்குழாயைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரைவிட அந்தக் குழாய்க்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே வெடிப்புத் தெரிந்தாலோ, வழுவழுவென்று பிசுபிசுத்தாலோ, கையில் கரி ஒட்டினாலோ அன்றே மாற்ற வேண்டியது. குழாய் வாங்கக் குர்லா சி.எஸ்.டி. சாலைக் கடைகளிலும் ஆப்பரா ஹவுஸ் பக்கத்துக் கடைகளிலும் தேடலாம். குர்லாவில் பழைய உதிரிப் பாகங்கள் குவிந்து கிடக்கும். கைப்பிடி, கண்ணாடி, மூடி எதையும் அங்கே பழையதாக வாங்குங்கள். பெட்ரோல் குழாயை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். 'எஸ்.ஏ.ஈ. ஜே 30 ஆர் 9' என்ற முத்திரை உள்ள குழாயைக் கேளுங்கள். எத்தனாலைத் தாங்கும் உட்பூச்சு கொண்டது. சாதாரணக் குழாயைவிட விலை அதிகம்தான். ஒரு வண்டிக்கு வேண்டியதோ சில அடி நீளமே.

எல்லாம் பொருத்திய பின்பு, பாட்டரியை இணைக்கும் முன், சிந்திய பெட்ரோலைத் துடைத்து ஆவி முற்றும் போகக் கால் மணி நேரம் பொறுத்திருங்கள். பம்பில் கையால் அசைக்கும் சிறு நெம்பு இருந்தால் சில தடவை அடித்து ஃபில்டரை நிரப்பலாம். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றவேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் உடனே நிறுத்துங்கள். "லேசான வாடைதானே" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போவது தகாது. பெட்ரோல் வாடை வீசும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

இப்போது அண்ணாச்சி சொன்ன சாட்சியை விசாரிப்போம். குப்பியை அசைக்காமல் பத்து நிமிடம் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கண்ணாடி மணிபோல் தனியே நின்று உருளுவது தண்ணீர். செம்பொடி படிந்தால் தொட்டி துருப்பிடித்திருக்கிறது. இனி எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் தொட்டியை இறக்கிக் கழுவாமல் தீராது. கறுப்பு நூலும் துகளும் வந்தால் குழாய் உட்புறம் உதிர்கிறது. மஞ்சளாகப் பாகு போல ஒட்டி, வார்னிஷ் நாற்றம் அடித்தால் பழைய பெட்ரோல் கெட்டிருக்கிறது. என் குப்பியில் தண்ணீரும் செம்பொடியும் இரண்டுமே இருந்தன. முன்பு ஃபில்டர் மாற்றிய கராஜில் அதைக் கவிழ்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. எனக்குந்தான் கேட்கத் தோன்றவில்லை.

2005 ஜூலை 26-ஆம் நாளை இந்நகரத்தார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். சாந்தாக்குரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லாவிலும் சயானிலும் எத்தனையோ வண்டிகள் கூரைவரை மூழ்கின. இப்படி மூழ்கிய வண்டியை வெள்ளம் வடிந்ததும் சாவி போட்டுப் பார்க்கும் ஆசை இயல்பானதுதான்; செய்யலாகாது. தொட்டி, எண்ணெய், ஸ்பார்க் பிளக் துளை எல்லாவற்றிலிருந்தும் நீரை அகற்றிய பிறகே எஞ்சினைச் சுழற்றவேண்டும். நீர் அமுங்காத பொருள். அது சிலிண்டரில் நிற்கையில் பிஸ்டன் மேலே வந்தால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் வண்டி நிற்கிறதா? பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசியால் தீரும் வியாதி அது! சித்திரை வெயிலில் நெரிசலில் நிற்கிறதென்றால், பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. டாக்ஸிக்காரர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுவைத்தது வேடிக்கைக்கு அன்று.

மற்ற பராமரிப்பை விரைவாகவே சொல்லிவிடலாம். எஞ்சின் எண்ணெயை வண்டிப் புத்தகம் சொல்லும் கெடுவில், எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கையில் வடிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலை கொடுப்பது கூடாது. உறுதியான ஸ்டாண்டு வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகவே கழற்றுங்கள். நான்கு வயர்களையும் ஒரே சமயத்தில் உருவிவிட்டு எது எங்கே என்று விழிப்பவர் பலர், அடியேனும் விழித்ததுண்டு. பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நலம்; கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி; வெண்மையாய் வெளுத்திருந்தால் குறைவு. எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்த வெளுப்பு அதிகம் காணலாம். அப்போது கார்புரேட்டரைச் சரிசெய்ய அனுபவசாலி வேண்டும். பழைய பத்மினியின் முன் சக்கர மூட்டுகளில் கிரீஸ் ஏற்றும் முனைகள் உண்டு. மழைக்கு முன்னும் பின்னும் ஏற்றுங்கள். காற்று ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யலாம், கிழிந்தால் மாற்றுங்கள்.

பிரேக்கில் கை வைக்கவேண்டாம். திரவத்தின் மட்டத்தைப் பார்ப்பதோடு நில்லுங்கள். அதுபோல, 2000-ஐ ஒட்டி வந்த இஞ்செக்ஷன் வகைக் கார்களின் பெட்ரோல் குழாயையும் வீட்டில் அவிழ்க்க வேண்டாம். அங்கே பம்பு பெட்ரோலைப் பல மடங்கு அழுத்தத்தில் நிறுத்திவைத்திருக்கிறது. கிளிப்பைத் தளர்த்தினால் முகத்தில் பீறிடும். அழுத்தத்தை முறைப்படி இறக்கத் தெரிந்தவரிடம் விடுவதே நன்று. டீசல் வண்டியில் அந்த அபாயம் குறைவு; ஆனால் ஃபில்டர் மாற்றியதும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாவிட்டால் அது கிளம்பவே கிளம்பாது.

வடித்த எண்ணெயையும் குப்பியின் கசடையும் காம்பவுண்டுச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அச்சாக்கடைகள் பல போய்ச் சேர்வது குர்லாவையும் தாராவியையும் தழுவிச் செல்லும் மீட்டி நதியில். மூடிய டப்பாவில் வைத்திருந்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் கராஜில் கொடுத்துவிடலாம். பெட்ரோலில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாமல், வெளியே விரித்து உலர்த்தியபின் அப்புறப்படுத்துங்கள்.

அண்ணாச்சியைப் பிறகு இரண்டு முறை கண்டேன். தொட்டியை இறக்கிக் கழுவிய அன்று அவரும் எங்கள் காம்பவுண்டுக்கு வந்திருந்தார். தாயார் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, அடியிலிருந்து வழிந்த செங்குழம்பை எனக்குச் சுட்டிக்காட்டினார். ஒரு கைப்பிடித் துரு. இப்போதுள்ள ஃபில்டரின்மேல் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மையால் எழுதிவைத்திருக்கிறேன். ஆறு மாதம் ஆகிறது. காகிதம் இன்னும் வெளுப்பாகவே தெரிகிறது. மே மாதம் ஊருக்குப் போகும் முன் ஒரு தடவை கழற்றிக் குப்பியில் கவிழ்க்க வேண்டும்.